பொருளும் பார்வையும்: சிதம்பரனார் எழுதிய கடிதங்கள்

கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் என்றதும் நம் மனக்கண்முன் இரண்டு காட்சிகள் தோன்றும். ஒன்று, தூத்துக்குடிக் கடலில் அலைகளைப் பிளந்து வரும் சுதேசிக் கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு. மேடைதோறும் பேசப்பட்டவை இவ்விரண்டுமே. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும் இவற்றையே பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் ஈண்டுச் சொல்லப் புகுந்தது மூன்றாவது காட்சி ஒன்றை. அதில் கப்பலும் இல்லை, செக்கும் இல்லை. மேசைமுன் அமர்ந்து, தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார் சிதம்பரனார். முதல் கடிதம் அன்று. மறுமொழி நிறைவாக வாராமையால் மீண்டும் எழுதும் கடிதம்.

பணம் கேட்டு ஒருமுறை எழுதுவது எவர்க்கும் எளிது. இரண்டாம் முறை எழுதும்போதுதான் கை நடுங்கும். கெஞ்சினால் மானம் போகும். மிரட்டினால் உறவு போகும். பேசாதிருந்தால் பணம் போகும். வணிகம் செய்வோர் அனைவரும் நாள்தோறும் சந்திக்கும் இடர் இது. விலை கேட்டவர் வாங்காமல் வாளாவிருக்கிறார். அவருக்கு மீண்டும் எழுத வேண்டும். எழுதும் மடலின் முதல் வரியில் எதை வைப்பது?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டில் பிறந்தது அன்று. சென்ற விடுமுறையில் இங்குள்ள சுற்றுலா நிறுவனம் ஒன்றில் மின்னஞ்சல் எழுதும் வேலை பார்த்தேன். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கட்டணம் விசாரிப்போருக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். ஒரு வாரம் சென்றும் பேச்சில்லை என்றால் மீண்டும் எழுத வேண்டும். கைப்பேசியில் அஞ்சலைப் பெறுபவர் முதலில் காண்பது தலைப்பு வரியின் தொடக்கச் சொற்கள் சிலவற்றையே. அவற்றைப் பார்த்தே திறப்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்துவிடுகிறார். அவசரம் என்று போடு, கடைசி வாய்ப்பு என்று போடு, என்றெல்லாம் எனக்கு அறிவுரைகள் வந்தன. அந்த நாட்களில்தான் சிதம்பரனாரின் கடிதங்களைப் பற்றிப் படித்தேன். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் பல்லாண்டு தேடித் தொகுத்து வெளிப்படுத்திய செய்திகள் அவை. படித்தபின் அந்தப் பெருமகனாரின் வாழ்க்கை முழுவதையுமே வேறொரு கோணத்திலிருந்து பார்க்கத் தோன்றியது.

அந்தமானில் வாழும் தமிழர்க்குச் சிதம்பரனார்மீது தனியான ஓர் உறவும் உண்டு. 1908ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த தண்டனை, இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டு நாடு கடத்தல். அந்நாளில் நாடு கடத்தல் என்றால் இந்தத் தீவுதான். 1896இல் கட்டத் தொடங்கிய செல்லுலார் சிறை 1906இல் முடிந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதே 1906இல்தான் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியும் பதிவாயிற்று! மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தமையால் அவர் இங்கு வரவில்லை. கோவையிலும் கண்ணூரிலும் அடைபட்டார். ஆயினும் தமிழ்நாட்டிலிருந்து சிறையைக் காண வருவோருள் சிலர், வ.உ.சி. இருந்த அறை எது என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அவர்கள் முகம் வாடுகிறது.

நிற்க. அவர் வரலாற்றைத் தொடங்குகிறேன்.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை; அன்னையார் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே தாமும் வழக்கறிஞரானார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். ஏழைகளின் வழக்கை எடுத்துக்கொண்டு பணக்காரரின் பகையைத் தேடிக்கொண்டார் என்பதற்குமேல் அவருடைய இளமையைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்நாளில் கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதற்கு எதிராக ஒரு கம்பெனி தொடங்க வேண்டுமானால் பணம் வேண்டும். 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். சிதம்பரனார் துணைச் செயலாளர். பதவியின் பெயர் துணை என்றிருப்பினும், பங்கு விற்கும் சுமை அவர் தோளில்தான் விழுந்தது.

நாற்பதாயிரம் பங்கை விற்பது என்றால் எத்தனை பேர் முன் நின்று கேட்டிருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள்! ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார். ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையிலிருந்து வந்தது. எஞ்சியவை ஊர் ஊராகச் சென்றும், எழுதியும், பேசியும் விற்க வேண்டியவை. பாரதியாரின் இந்தியா இதழ் பங்கு வாங்குமாறு மக்களை வேண்டியது.

இங்கு நான் வியப்பது அந்தக் கம்பெனியின் பெயரை. கப்பல் என்பதும் கம்பெனி என்பதும் பெயரில் பின்னால் வருகின்றன. முன்னால் நிற்பது சுதேசி என்ற சொல். வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடெங்கும் அந்நியத் துணி எரிந்த காலம் அது. அந்த ஒரு சொல்லைக் காதால் கேட்டவுடனே இது யாருடைய பொருள், யாருக்கு எதிரான பொருள், இதில் 25 ரூபாய் போட்டால் தாம் யாராக ஆவோம் என்பவை வாங்குபவர்க்கு விளங்கிவிடும். இலாபம் இத்தனை விழுக்காடு என்று தொடங்கியிருந்தால் சேட்டுகள் சிலர் கணக்குப் பார்த்திருப்பார்கள். சிறு வணிகரும் வழக்கறிஞரும் வந்திருக்க மாட்டார்கள். நாம் இன்று மின்னஞ்சலில் பொருள் என்ற இடத்தில் எழுதும் வரி செய்யவேண்டிய வேலையை அந்த முதற்சொல் செய்தது.

கம்பெனி முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்குப் பிடித்தது. வெள்ளையர் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. சொந்தக் கப்பல் இல்லாமல் தொழில் இல்லை என்று கண்ட சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து உயிர்விடுவேன் என்ற உறுதியோடு சென்றார் என்பர். வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார், திரும்பி வருமாறு செய்தி போயிற்று. அவர் திரும்பவில்லை. இதனைத் தியாகம் என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். அம்மையார் மீனாட்சி அவர்களின் நிலையிலிருந்து யாராவது இதனை எழுதினால் வேறொரு கட்டுரை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். கரையெல்லாம் கொண்டாட்டம்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? கட்டணத்தைக் குறைத்தார்கள், சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. பின்னும் குறைத்து, கடைசியில் கட்டணமே வேண்டாம் என்று அழைத்தார்கள். ஏறுவோருக்குக் குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வர். விற்பனை மொழியில் இலவசம் என்ற சொல்லை வெல்ல வேறு சொல் இல்லை. இன்று நம் அஞ்சற்பெட்டியில் குவியும் குப்பையில் பாதி அந்தச் சொல்லோடுதான் வருகிறது. அன்று சுதேசி என்ற சொல் இலவசத்தோடு மோதியது. மக்கள் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே சென்றார்கள் என்பது நம் இனத்துக்குப் பெருமை. ஆனால் கம்பெனியின் கைப்பணம் கரைந்தது என்பதும் உண்மை. நல்ல தலைப்பு ஆளைக் கப்பலில் ஏற்றும். கரி வாங்கப் பணம் தராது. தலைப்பு எழுதுவதையே முழுக் கலையாகக் கருதுவோர்க்கு இதனைச் சொல்லி வைக்கிறேன்.

1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. ஒன்பது நாளில் வெற்றி கண்டது. மார்ச்சு 12இல் சிதம்பரனார் கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. பிறகு வழக்கு, தண்டனை, சிறை. அவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். மீனாட்சி அம்மையார் கணவரின் விடுதலைக்காக அரசுக்கு விண்ணப்பித்தார், பயனில்லை. அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பர் 24ஆம் நாள் கண்ணூர்ச் சிறையின் கதவு திறந்தது. ஊர்வலம் இல்லை; மாலை இல்லை. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. அரசாங்கத்தின் கண் அவர்மீது இருந்தது. சொத்துகள் கரைந்திருந்தன. சென்னைக்கு வந்து அரிசிக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். பத்து இலட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர் படி அரிசி அளந்தார். அக்காலத்தில் அவர் குடும்பம் உயிர்வாழ்ந்தது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் குடியேறியிருந்த தமிழர்கள் அனுப்பிய பணத்தால். கடல் கடந்து, கரும்புத் தோட்டத்திலும் கடைகளிலும் உழைத்த நம்மவர்கள், தாம் கண்ணாலும் கண்டிராத ஒருவருக்குத் திங்கள்தோறும் கைப்பணத்தைப் பிரித்து அனுப்பினார்கள். சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பத்தில் பிறந்த எனக்கு, அந்தப் பணத்தின் கனம் தெரியும்.

இப்போது நான் முதலில் சொன்ன கடிதங்களுக்கு வருகிறேன்.

1915 ஜனவரி 9ஆம் நாள் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பினார். ஏப்ரலில் சென்னைக்கு வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் அவர்கள் இல்லத்தில் தங்கினார். சிதம்பரனார் அவரைக் காண விரும்பி எழுதினார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்கலாம் என்று மறுமொழி வந்தது. அடிகளைச் சுற்றி அன்று எத்தனை கூட்டம் இருந்திருக்கும்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. சிதம்பரனாரோ தாம் பேச விரும்புவது சில நிமிடங்களில் அடங்காது என்று எழுதி, அவருடைய நேரத்தைக் கேட்டதற்காக மன்னிப்பும் கோரினார். அடிகள் மீண்டும் எழுதினார். அதில் ஒரு கேள்வி இருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அவருக்கென்று சேர்ந்த பணம் வந்து கிடைத்ததா என்பதே அது.

பணப்பேச்சை எடுத்தவர் அடிகளே என்பதை நாம் மறத்தல் கூடாது. கிடைக்கவில்லை என்று சிதம்பரனார் விடையளித்தார். நண்பர்கள் கொடுத்த தொகை அடிகளிடம் வந்திருந்தது. கொடுத்தவர் யார், எவ்வளவு என்ற விவரம் அவர் நினைவில் இல்லை. நேட்டாலுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன எழுதியிருப்போம்? எதிரில் இருப்பவர் நாடறிந்த பெரியவர். சிதம்பரனாரைவிட மூன்றாண்டு மூத்தவர். பரவாயில்லை, அவசரம் ஒன்றும் இல்லை, தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருப்போம். நம் தமிழ் மரபு நமக்குக் கற்றுக்கொடுத்த பணிவு அது. எழுதிவிட்டுப் பட்டினி கிடந்திருப்போம்.

சிதம்பரனார் அப்படி எழுதவில்லை. தாமும் தம் குடும்பமும் இரண்டாண்டுக்கு மேலாகத் தென்னாப்பிரிக்க இந்திய நண்பர்களின் உதவியால்தான் வாழ்ந்து வருவதைச் சொன்னார். நிலைமை இவ்வாறிருக்க, தமக்கென்றே கொடுக்கப்பட்ட பணத்தை வேண்டாமென்று தாம் ஏன் சொல்லப்போகிறோம் என்று கேட்டார். கெஞ்சல் இல்லை, வறுமையை விரித்து அழும் அழுகையும் இல்லை. உள்ள நிலை ஒரு வாக்கியம். அதிலிருந்து எழும் முடிவு ஒரு வாக்கியம்.

விவரம் வரட்டும் என்று அடிகள் காத்திருந்தபோது, அவர் மீண்டும் எழுதினார். அந்தக் கடிதத்தின் கருத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். துல்லியமான தொகை தெரியாவிட்டாலும் தோராயமாகவாவது தெரியாதா, தெரியுமானால் அந்தத் தொகையையோ அதில் பெரும்பகுதியையோ இப்போது அனுப்பிவிட்டு, நேட்டாலிலிருந்து நண்பரின் கடிதம் வந்தபின் மிச்சத்தை அனுப்பலாகாதா என்று வினவினார்.

இதனுள் எவ்வளவு செய்திகள் இருக்கின்றன! முதலாவது, மறுமொழி ஏன் தாமதமாகிறது என்பதை எழுதுபவர் புரிந்துகொண்டிருக்கிறார். அடிகளுக்கு மனமில்லாமல் இல்லை; கணக்கு இல்லை. ஆகவே மனத்தை உருக்க அவர் முயலவில்லை. கணக்கில்லாமலே செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் காட்டினார். வேதியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு வினையூக்கியின் நினைவு வருகிறது. உயரமான தடையைத் தாண்ட முடியாமல் ஒரு வினை நின்றுவிடும். வினையூக்கி அந்தத் தடையைத் தகர்ப்பதில்லை, தாழ்வான வேறு பாதையைத் திறக்கிறது. பெரும்பகுதியை முன்னால் அனுப்பலாமே என்ற யோசனை அப்படித் திறந்த பாதை. இன்னொன்று, அவர் கேட்ட கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லி விடையளித்துவிடலாம். தங்கள் மேலான கருத்தை அறிய ஆவல் என்று முடிந்திருந்தால், பெறுபவர் ஓய்வாக எழுதுவோம் என்று ஒதுக்கி வைத்திருப்பார்.

நம் அலுவலகக் கடிதங்களில் பெறுநர் முகவரிக்குக் கீழே இரண்டு வரிகள் உண்டு. ஒன்று பொருள், மற்றொன்று பார்வை. கடிதம் எதைப் பற்றியது என்பது பொருள். முன்பு எந்த நாளில் எழுதிய எந்தக் கடிதத்தின் தொடர்ச்சி என்பது பார்வை. பொருள் என்ற சொல் தமிழில் செய்தியையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். பணம் கேட்டு எழுதுவோர்க்கு இதைவிட வாய்ப்பான சொல் அரிது. மின்னஞ்சல் வந்தபின் பொருளுக்குத் தனி இடம் கிடைத்தது. பார்வைக்கு இடம் போயிற்று. மறுமொழிகளின் தலையில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரீ என்ற துணுக்கு மட்டுமே மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால், அந்த ரீ ஒரு லத்தீன் சொல். அதற்கும் பொருள், விஷயம் என்பதே அர்த்தம்.

சிதம்பரனாரின் கடிதங்களில் பொருள் என்றும் பார்வை என்றும் தனி வரிகள் இருந்திருக்கத் தேவையில்லை. அவை நண்பர் நண்பருக்கு ஆங்கிலத்தில் எழுதியவை. ஆனால் இரண்டின் வேலையும் அவற்றில் நடக்கிறது. தாங்கள் கேட்டீர்கள், நான் இல்லை என்றேன், தாங்கள் நேட்டாலுக்கு எழுதுவதாகச் சொன்னீர்கள் என்ற தொடர்ச்சி அறுபடாமல் வருகிறது. இரண்டாம் கடிதத்துக்கு உயிர் பார்வைதான் என்று நான் கருதுகிறேன். இருவருக்கும் இடையே முன்பே நடந்த ஒன்றைப் பெறுபவருக்கு நினைவூட்டிவிட்டால், எழுதுபவர் அந்நியர் அல்லர் ஆகிவிடுகிறார்.

வணிகர்கள் இதனை நன்கு அறிவார்கள். அறிந்தமையால் சிலர் பொய்ப் பார்வையும் எழுதுகிறார்கள். பேசாதவரிடம் பேசியதுபோல, நேற்று நாம் பேசியபடி என்று தலைப்பிடுவார்கள். ஒருமுறைகூட எழுதாதவருக்கு ரீ போட்டு அனுப்புவார்கள். திறந்து பார்ப்பவர் உண்டு. திறந்தபின் நம்புபவர் இல்லை. அமெரிக்காவில் 2003இல் இயற்றிய சட்டம் வணிக அஞ்சல்களில் ஏமாற்றும் தலைப்பு வரிகளைக் குற்றமாக்கியது. சட்டம் வரும் அளவுக்கு இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது!

அவசரம், கடைசி வாய்ப்பு என்பவையும் இவற்றின் உடன்பிறப்புகளே. இந்தத் தீவுக்குக் கப்பல்தான் உயிர்நாடி. கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்து சேரும்வரை செயற்கைக்கோளை நம்பி, ஓர் அஞ்சல் திறக்க நெடுநேரம் காத்திருந்தவர்கள் இங்குள்ளோர். இங்கு உண்மையான அவசரம் என்பது இன்ன தேதிக் கப்பலில் இடம் இருக்கிறதா இல்லையா என்பது. ஆகவே அந்த நிறுவனத்தில் நான் எழுதிய இரண்டாம் அஞ்சல்களில், வாடிக்கையாளர் கேட்ட தேதியையும், அவர் கேட்ட தீவின் பெயரையும், எத்தனை பேர் என்பதையும் மட்டுமே பொருள் வரியில் இட்டேன். உள்ளே ஒரே கேள்வி: அந்த இடத்தை வைத்திருக்கவா, விட்டுவிடவா? பலர் எழுதவில்லை. சேலத்து அம்மையார் ஒருவர் விட்டுவிடுங்கள், வீட்டில் உடல்நலமில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று எழுதினார். முதலாளிக்கு அது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இல்லை என்று சொல்ல ஒருவருக்கு வழி வைத்து எழுதியதனால்தான் அவர் விடை எழுதினார்.

சிதம்பரனாருக்கு என்ன விடை கிடைத்தது? மாதங்கள் சென்றன. ஏப்ரலில் தொடங்கிய கடிதப் போக்குவரத்து அந்த ஆண்டு முழுவதும் நீண்டது. 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. அந்த 12 அணாவைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. முந்நூற்றைம்பது என்று முழுமையாக்கவில்லை. முந்நூறு என்று குறைக்கவும் இல்லை. நேட்டாலில் எவரெவரோ கொடுத்த சில்லறை வரை கணக்குத் தீர்ந்து, உரியவர் கைக்குச் சென்றது. கேட்டவர் அடிகளைக் குறை கூறவில்லை. கொடுத்தவரும் கேட்டவர்மீது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மகாத்மாவிடமே இருமுறை பணம் கேட்டவரா என்று இந்தச் செய்தியைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். காந்தியார் பணத்தை வைத்துக்கொண்டார் என்று கதை கட்டி மகிழ்வோரும் இருக்கிறார்கள். இரு சாராரும் கடிதங்களை முழுமையாகப் படியாதவர்கள்.

எஞ்சிய வரலாறு சுருக்கமானது. சிறையில் தொடங்கிய தமிழ்த்தொண்டு வெளியிலும் தொடர்ந்தது. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம் போல வாழ்வு, அகமே புறம் என்று மொழிபெயர்த்தவர், மெய்யறம் பாடியவர், திருக்குறளுக்கு மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார். அரிசி விற்றவர் நூலும் விற்க வேண்டியிருந்தது. இரண்டிலும் அவர் செல்வம் சேர்க்கவில்லை. பின்னர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற்றார். அந்த நன்றியை ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டுக் காட்டினார். கோவில்பட்டியில் வழக்காடினார், பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். அவர் கப்பல் விட்ட அந்தத் துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்று அவருக்கு அந்த ஊரில் கடன்தான் இருந்தது.

1936ஆம் ஆண்டில், நோய்வாய்ப்பட்ட நிலையில், அவர் உயில் ஒன்று எழுதி வைத்தார். அதில் தாம் கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கிகளையும் குறிப்பிட்டிருக்கிறார்; எவருக்கு எவ்வளவு என்று, ரூபாய்க் கணக்கில். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார்.